கல்பாசியும் கருங்கழுத்து முயலும்: ஒரே அட்டவணையில் எப்படி ஒப்பிடுவது?

சோலைக்கிளை:

வணக்கம். நீலகிரியில் ஒரு பள்ளி இயற்கை மன்றத்துக்காகக் காட்சிப் பலகை ஒன்று தயாராகிறது. இரண்டு உயிரினங்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஒன்று மசாலாவில் போடும் கல்பாசி என்ற லைக்கன், பார்மோட்ரீமா பெர்லாட்டம். மற்றொன்று கருங்கழுத்து முயல் எனப்படும் நம் காட்டுமுயல், லீபஸ் நைக்ரிகாலிஸ். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: சோலை ஓரம், அதையொட்டிய புல்வெளி, கொஞ்சம் தேயிலை விளிம்பு. 9 முதல் 11ஆம் வகுப்பு வரை உள்ள மாணவர்கள் தரவு எடுப்பார்கள்.

எண்ணிக்கை, எடை, உணவு, இனப்பெருக்கம், ஆயுள் என்று அட்டவணை போட்டாயிற்று. முயல் பக்கம் எழுத ஏதோ கிடைக்கிறது. கல்பாசிப் பக்கம் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு கிளை முழுக்கப் படர்ந்திருந்தால் அது ஒன்றா, இருபதா? அதோடு, லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்றால் அதை "ஒரு சிற்றினம்" என்று எழுதலாமா?

மரத்தில் இருப்பது கல்பாசிதான் என்பதையும், புல்லில் கிடப்பது முயல் புழுக்கைதான் என்பதையும் மாணவர்களே உறுதிசெய்யும் வழி வேண்டும். ஆய்வக வசதி குறைவு. விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மரப்பட்டை:

சார், சிற்றினக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தாவர, பூஞ்சைப் பெயரிடல் விதிகளின்படி லைக்கனுக்கு வைத்த அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு உரியது. பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்பது அந்தப் பூஞ்சையின் பெயர். உள்ளே இருக்கும் பச்சைப் பாசி டிரெபூக்சியா பேரினத்தைச் சேர்ந்தது, அதற்குத் தனிப் பெயர் உண்டு. எனவே "ஒரு சிற்றினம்" என்று எழுதலாம். கீழே "பாசித் துணை: டிரெபூக்சியா" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். லைக்கன் இரட்டை உயிர் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் சொன்னபோது அக்கால லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். 2016இல் டோபி ஸ்ப்ரிபில் குழு சில லைக்கன்களின் புறணியில் (மேல்தோல் அடுக்கில்) ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் இருப்பதைக் காட்டியது. பாட நூல்களுக்கு வெளியே அந்தச் செய்தி வேகமாகப் பரவியது. அதைக் கல்பாசிக்கும் பொருந்தும் என்று பலகையில் எழுதிவிட வேண்டாம்.

எண்ணிக்கைக்கு வருவோம். கல்பாசியை எண்ணாதீர்கள். இரண்டு தாலஸ்கள் (லைக்கனின் உடல்கள்) ஒன்றையொன்று தொட்டு வளர்ந்தால் எல்லை தெரியாது. ஒரே தாலஸின் நடுப்பகுதி உதிர்ந்தால் நாலாகத் தெரியும். அதனால் லைக்கன் ஆய்வில் "எத்தனை கட்டத்தில் இருக்கிறது" என்று பார்ப்பதுதான் வழக்கம்.

ஐரோப்பாவில் பின்பற்றும் ஏணிச் சட்டம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். 10 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், அதை 10×10 செ.மீ. அளவில் ஐந்து கட்டங்களாகப் பிரித்த சட்டம். தடித்த பிளாஸ்டிக் தாளை வெட்டியோ, நாலு கம்பியும் நூலும் வைத்தோ செய்துகொள்ளலாம். சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். திசைகாட்டி வைத்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நாலு பக்கமும் வையுங்கள். ஒரு மரத்துக்கு 20 கட்டம். கல்பாசி ஒரு துணுக்கு இருந்தாலும் அந்தக் கட்டத்துக்கு 1, இல்லையென்றால் 0. மரத்துக்கு 0 முதல் 20 வரை ஒரு மதிப்பெண் வரும்.

10 மரத்தில் 200 கட்டம் பார்த்து 46இல் இருந்தால், சராசரி மரத்துக்கு 4.6. "200இல் 46" என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரே மரத்தின் கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, ஒரே மரம் 18 வாங்கி மற்றவை எல்லாம் 3, 4 வாங்கியிருக்கலாம். மரவாரியான எண்களைக் காட்டுங்கள்.

மரம் தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) பட்டை உரிந்துகொண்டே இருக்கும், லைக்கன் நிலைக்காது. அங்கே 0 வந்தால் அது காற்றைப் பற்றியோ காட்டைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. தேயிலைக்குள் இருக்கும் சில்வர் ஓக்கில் இன்னொரு சிக்கல்: கொப்புள நோய்க்காகத் தெளிக்கும் செம்பு மருந்து மரத்திலும் படியும், செம்பு லைக்கனுக்கு ஆகாது. சோலை மரங்களைத் தனியாக, தேயிலை நிழல் மரங்களைத் தனியாக வையுங்கள். சாய்ந்த மரம், சட்டம் வைக்குமளவு சுற்றளவு இல்லாத மரம், வெட்டுக்காயம் உள்ள மரம் எல்லாம் வேண்டாம்.

அடையாளத்துக்கு, உலர்ந்த தாலஸையே பாருங்கள். நனைந்தால் புறணி வழியே பாசியின் பச்சை தெரியும், நிறத்தை வைத்து ஏமாந்துவிடுவோம். பெர்லாட்டத்தில் மேற்புறம் சாம்பல். மடல்கள் அகலமாக, நுனி வட்டமாக இருக்கும். மடல் விளிம்பில் மாவு தூவியதுபோல் சொரீடியா என்ற பரவும் துகள்கள் ஓரமாக ஓடும், இதுதான் முக்கிய அடையாளம். விளிம்பில் ஆங்காங்கே சிறு கருமயிர்கள். அடிப்புறம் கருப்பு, விளிம்பை ஒட்டி மட்டும் வேரிழை இல்லாத பழுப்புப் பட்டை. 10 மடங்கு கைலென்ஸ் போதும்.

குழப்பும் உறவினர்கள் மூன்று. மேற்பரப்பில் மாவுக்குப் பதிலாக விரல்போன்ற சிறு நீட்சிகள் நெருக்கமாக இருந்தால் அது டிங்க்டோரம். மேற்பரப்பில் வலைபோல் வெண்கோடுகள் ஓடினால் ரெட்டிகுலேட்டம். நீண்ட கருமயிர்களும் கிண்ணம்போன்ற பெரிய பழங்களும் (பூஞ்சை வித்துகள் உண்டாகும் பகுதி) இருந்தால் நில்கிரென்ஸ். கடையில் வாங்கும் கல்பாசிப் பொட்டலத்தில் இவை பலவும் கலந்தே வரும். அதை மாதிரியாக வைத்து மரத்தில் தேடாதீர்கள்.

தடம்பார்ப்பவர்:

முயல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில், பலகையில் வளர்ப்பு முயலின் படத்தைப் போட்டுவிடாதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது. கூண்டில் வளர்ப்பது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது, பேரினமே வேறு. அது வளை தோண்டும், குட்டி கண் மூடி ரோமம் இல்லாமல் பிறக்கும். நம் காட்டுமுயல் வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பளவுக்கு ஒரு பள்ளம் அழுத்தி அதில் படுத்திருக்கும். குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவற்றுக்குப் பிடரியில் கருந்திட்டு உண்டு, வாலின் மேற்புறமும் கருப்பு. காதை முதுகோடு மடித்திருந்தால் திட்டு மறைந்துவிடும். அதனால் படம் தெளிவில்லை என்றால் வாலைப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு முயலையும் நேராக எண்ண முடியாது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பகலில் படுத்துக் கிடக்கும், மேய்வது அந்தி முதல் விடியல் வரை. இரவில் விளக்கடித்து எண்ணுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், காட்டெருமையும் கரடியும் உலவும் இடத்தில் மாணவர்களோடு அது கூடவே கூடாது. புழுக்கைதான் வழி.

56.4 செ.மீ. நீளக் கயிறு எடுத்து ஒரு முனையைக் குச்சியில் கட்டுங்கள். குச்சியை ஊன்றிச் சுற்றினால் வட்டத்தின் பரப்பு 1 சதுர மீட்டர். 200 மீட்டர் நேர்கோட்டில் 10 மீட்டருக்கு ஒரு வட்டம், மொத்தம் 20. இரண்டு கோடு போட்டால் 40. நடுவில் சிறு முளை அடித்து அடையாளம் வையுங்கள். முதல் நாள் வட்டத்துக்குள் இருக்கும் எல்லாப் புழுக்கையையும் பொறுக்கி வெளியே போட வேண்டும், இதை விட்டால் எத்தனை மாதக் கழிவை எண்ணுகிறோம் என்றே தெரியாது. 30 நாள் கழித்து வந்து எண்ணுங்கள். விளிம்பில் கிடப்பதில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் மட்டும் கணக்கு. புல்லை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும், நின்றபடி பார்த்தால் பாதி தப்பிவிடும்.

முயல் புழுக்கை சுமார் 1 செ.மீ. அளவில், உருண்டையாக, இரு பக்கமும் சற்றுத் தட்டையாக இருக்கும். உடைத்தால் உலர்ந்த புல் நார் கண்ணுக்குத் தெரியும். ஆட்டுப் புழுக்கை நீண்டது, வழவழப்பானது, உள்ளே நைந்த மாவுபோல் இருக்கும். மான் புழுக்கையில் பெரும்பாலும் ஒரு முனை கூர்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் பக்கத்துச் செடியைப் பாருங்கள். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவினதுபோல் இருக்கும். ஆட்டுக்கும் மானுக்கும் மேல் முன்பல் கிடையாது, அவை கடித்த இடம் பிய்ந்து நார்நாராகத் தொங்கும்.

மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள். புழுக்கை கரையும், அடித்துச் செல்லும், சாணி வண்டும் எடுத்துப் போகும். மழை ஓய்ந்த மாதங்களே சரி.

சோலைக்கிளை:

இரண்டு பேருக்கும் நன்றி. முன்னோட்டமாகச் சிறிய அளவில் தொடங்கியிருக்கிறோம். இரண்டு சிக்கல். லைக்கன் வகையைப் பிரித்தறியும் நிறச் சோதனைக்காகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு வைத்தால் எல்லா லைக்கனும் மஞ்சள் ஆகிறது, வித்தியாசமே தெரியவில்லை. முயலுக்கு 40 வட்டத்தில் 30 நாளுக்குப் பிறகு 24 புழுக்கை கிடைத்தது. இதிலிருந்து எத்தனை முயல் என்று எப்படிக் கணக்கிடுவது?

மரப்பட்டை:

மேற்புறத்திலேயே சொட்டு வைத்திருப்பீர்கள். இந்தப் பேரினத்தில் பலவற்றின் புறணியில் அட்ரனோரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது எப்போதும் மஞ்சள்தான் காட்டும். வித்தியாசம் உள்ளடுக்கில் இருக்கிறது. உலர்ந்த மடலில் ஒரு சிறு துண்டை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். புது பிளேடால் மேல் தோலை மட்டும் மெல்லச் சுரண்டுங்கள். முதலில் சாம்பல் போகும், அடுத்துப் பச்சையாக ஒரு மெல்லிய படலம், அது பாசி அடுக்கு. அதையும் நீக்கினால் பஞ்சுபோல் வெள்ளை தெரியும். சொட்டு அங்கே விழ வேண்டும், அதுவும் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைக்கும் அளவுதான். டிராப்பரால் விட்டால் வழிந்து புறணியின் மஞ்சளோடு கலந்துவிடும்.

100 மி.லி. தண்ணீருக்கு 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கரையும்போது நன்றாகச் சூடாகும். கண்ணாடியும் கையுறையும் வேண்டும், ஆசிரியர் கலக்கட்டும். சொட்டு வைத்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள், நிறம் மாறுவதே அடையாளம். பெர்லாட்டத்தின் உள்ளடுக்கு மஞ்சளாகி ஆரஞ்சு வரை போகும், ஸ்டிக்டிக் அமிலத்தால். ரெட்டிகுலேட்டம் மஞ்சளில் தொடங்கி ரத்தச் சிவப்பாகும், அதில் இருப்பது சலாசினிக் அமிலம். டிங்க்டோரத்தின் உள்ளடுக்கு இதற்கு நிறமே காட்டாது. ஆனால் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவம் பட்டால் அந்தக் கணமே சிவக்கும்.

இரண்டு திரவத்தையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைப்பது தனிச் சோதனை, இப்போது அதில் இறங்க வேண்டாம். வெளுக்கும் திரவம் திறந்து வைத்தால் சில வாரத்தில் வீரியம் இழந்துவிடும், பிறகு எல்லாமே "நிறம் இல்லை" என்றுதான் வரும். ஒவ்வொரு நாளும் முதலில் டிங்க்டோரம் துண்டில் சோதித்து, சிவந்த பிறகே மற்றதைத் தொடுங்கள். பாரா-ஃபீனிலீன்டைஅமீன் என்று மூன்றாவது ஒன்றைப் புத்தகங்கள் சொல்லும். நச்சுத்தன்மை அதிகம், பள்ளிக்கு வேண்டவே வேண்டாம்.

சோதனைக்கு மரத்தில் உரிக்காதீர்கள். காற்றடித்த மறுநாள் சோலை ஓரத்தில் விழுந்து கிடக்கும் சுள்ளிகளிலேயே வேண்டிய அளவு கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் என்றால் அதற்கும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடம்பார்ப்பவர்:

24 புழுக்கையை 40 சதுர மீட்டராலும் 30 நாளாலும் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 0.02. ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 200 புழுக்கை. இதுவரை சரி. அடுத்த படியில்தான் வழுக்கும். ஒரு முயல் நாளுக்கு 400 போடும் என்று வைத்தால் ஹெக்டேருக்கு அரை முயல். 250 என்று வைத்தால் 0.8 முயல். ஐரோப்பிய முயலுக்கு எடுத்த எண்ணை நம் முயலுக்குப் போட்டு வகுத்து, தசமத்தோடு எழுதுவது நியாயமான கணக்கு இல்லை. புல் வகை மாறினாலும் அந்த எண் மாறும். "நாளுக்கு ஹெக்டேருக்கு 200 புழுக்கை" என்றே எழுதுங்கள். அதே வட்டங்களில் அடுத்த ஆண்டு அதே மாதத்தில் எண்ணினால் கூடியதா, குறைந்ததா என்று தெரியும்.

24 என்பது சின்ன எண் என்பதையும் கவனியுங்கள். ஒரே வட்டத்தில் 15 கிடந்திருந்தால் முழு முடிவும் அந்த ஒரு வட்டத்தில் தொங்குகிறது. அடுத்த முறை 80 வட்டமாக்குங்கள்.

இந்தக் கணக்கு காட்டுவது மேயும் இடத்தை. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். மென்மையானதைப் பகலில் படுத்த இடத்திலேயே ஆசனவாயிலிருந்து நேராக எடுத்துத் தின்றுவிடும். கடினமான புழுக்கை பெரும்பாலும் இரவு மேய்ச்சலில் விழும். ஆகவே புதருக்குள் புழுக்கை இல்லை என்பதால் அங்கே முயல் படுப்பதில்லை என்று எழுதிவிடக் கூடாது.

பதிவேடு:

அளக்கும் முறை தெளிவாகிவிட்டது. அட்டவணை வரிகளைப் பற்றிச் சில.

"எண்ணிக்கை" என்ற தலைப்பையே எடுத்துவிட்டு "எதை அளந்தோம்" என்று போடுங்கள். கல்பாசிக்கு "20 கட்டத்தில் எத்தனை", முயலுக்கு "ஹெக்டேருக்கு நாளில் எத்தனை புழுக்கை". இரண்டு எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது, ஒவ்வொன்றும் தன் முந்தைய ஆண்டு எண்ணோடு மட்டுமே ஒப்பிடத்தக்கது. இதை அட்டவணைக்குள்ளேயே எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் பார்க்க வருபவர்கள் "முயல் 200, கல்பாசி 4.6" என்று படித்துவிட்டுப் போவார்கள்.

"எடை" வரியில் முயலுக்கு 2 முதல் 3 கிலோவுக்குப் பக்கம் என்று போடலாம். கல்பாசிக்கு எடை தண்ணீரைப் பொறுத்தது. நனைந்த லைக்கன் தன் உலர் எடையைப் போல் இரண்டு மடங்கு வரைகூடத் தண்ணீர் பிடித்து வைக்கும், வெயில் ஏறினால் அத்தனையும் போய் நொறுங்கும் அளவுக்குக் காயும். காய்ந்தால் சாகாது, ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். பனி பட்டால் சில நிமிடங்களில் மீண்டும் தொடங்கும். முயலுக்கு உடம்பின் நீரளவு சற்றுக் குறைந்தாலே ஆபத்து, அதனால்தான் வெயில் நேரத்தில் நிழலில் அசையாமல் கிடக்கிறது. பலகையில் இந்த வரிக்குத்தான் பெரிய இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மாணவர்கள் கையாலேயே செய்து காட்டலாம்: விழுந்த சுள்ளியில் இருந்த மடலை இரண்டு நாள் நிழலில் காயவைத்து 0.01 கிராம் தராசில் நிறுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு, மேல்நீரை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து மறுபடி நிறுங்கள். ஒற்றாமல் நிறுத்தால் எடை ஏகத்துக்கு ஏறும். பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தாலும் அப்படியே, அதை ஊசியால் எடுத்துவிட வேண்டும்.

"உணவு" வரியில் கல்பாசிக்கு "மரத்திலிருந்து" என்று எழுதும் தவறு பரவலாக இருக்கிறது. அது ஒட்டுண்ணி இல்லை, மரம் அதற்கு நிற்கும் இடம் மட்டும். சர்க்கரை பாசியிடமிருந்து, தாதுக்கள் மழை, பனி, தூசியிலிருந்து. எதையும் வடிகட்டாமல் காற்றிலிருந்து உறிஞ்சுவதால்தான் கந்தக டைஆக்சைடு இருக்கும் இடத்தில் பல லைக்கன்கள் மறைகின்றன.

முயலுக்கு "புல், தழை" என்று நிறுத்தாதீர்கள். புல்லின் நாரை முயல் தானாகச் செரிக்காது. சீக்கம் என்ற பெருங்குடல் பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கின்றன, அங்கே உருவாகும் புரதமும் வைட்டமினும் மேலே சொன்ன மென்கழிவைத் தின்பதால்தான் உடம்பில் சேர்கின்றன. இரண்டு உயிரினமும் துணையில்லாமல் பிழைக்காது. ஆனால் கல்பாசியில் துணையே உடம்பின் ஒரு அடுக்கு. முயலில் துணை குடலுக்குள் இருக்கிறது, குட்டி பிறந்த பிறகுதான் அது குடியேறுகிறது.

இனப்பெருக்க வரி இதோடு சேரும். கல்பாசியின் சொரீடியாத் துகள் ஒவ்வொன்றிலும் பூஞ்சை இழையும் பாசி செல்லும் சேர்ந்தே இருக்கும், காற்றிலும் மழைத்துளியிலும் பரவும்போது துணையைத் தேட வேண்டியதில்லை. இந்தச் சிற்றினத்தில் பழம் அரிது. முயலுக்குச் சினைக்காலம் 41 முதல் 47 நாள், ஈற்றுக்கு ஒன்று முதல் நான்கு குட்டி. குட்டி தனியாகக் கிடப்பதைப் பார்த்து "தாய் விட்டுவிட்டது" என்று மாணவர்கள் தூக்கி வரக்கூடாது. தாய் வேண்டுமென்றே விலகி இருந்து, வேளைக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும்.

"ஆயுள்" வரியில் முயலுக்குச் சில ஆண்டுகள். கல்பாசிக்கு ஆண்டு எண் போட வேண்டாம், நடு உதிர விளிம்பு வளர்ந்துகொண்டே போகும் உயிருக்கு அது பொருந்தாது. அதற்குப் பதில் வளர்ச்சியை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், உலர்ந்த நாளில், ஆண்டுக்கு ஒருமுறை, அதே மடலை. சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அடையாளத்துக்குச் செம்பு ஆணியோ துத்தநாகம் பூசிய ஆணியோ அடிக்காதீர்கள், மழையில் கரைந்து வழியும் உலோகம் கீழிருக்கும் லைக்கனைக் கொல்லும். துருப்பிடிக்காத எஃகு ஆணியை மடலுக்குக் கீழே அடியுங்கள்.

கடைசியாக, அச்சுறுத்தல் வரி. இந்த வளர்ச்சி வேகத்தில், கல்பாசிக்காக ஒரு மரத்தை முழுக்கச் சுரண்டினால் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டு ஆகும். முயலுக்குத் தெருநாயும் கம்பிச் சுருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அந்தச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும். வட்டங்களைப் பார்க்கப் போகும்போது சுருக்கு கண்ணில் பட்டால் மாணவர்கள் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லட்டும். காட்சிப் பலகையில் கோடுகளின் சரியான இடத்தையும் கல்பாசி நிறைந்த மரங்களின் இடத்தையும் போடாதீர்கள், "கோத்தகிரி வட்டாரம்" என்ற அளவு போதும். துல்லியமான வரைபடம் பள்ளிக் கோப்பில் இருக்கட்டும்.